எதுத்த ஊட்டு எம்.எல்.ஏ.

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்தச் சேருல வேண்டாமுங்க, ஒரு காலு ஆடும். இப்பிடி இதுல உக்காருங்க. பேரு என்னன்னு சொன்னீங்க? எழிலனுங்களா? நல்ல பேருங்க. விழுப்புரத்துப் பக்கமா? பேச்சுலயே தெரியுது. காப்பி குடிப்பீங்கல்ல? நானேதான் போடோணும். பரவால்லீங்க, எட்டு மாசத்துல பழகிப்போச்சு.

அந்த மிசின ஆன் பண்ணீட்டீங்களா? பண்ணிக்குங்க, எனக்கொண்ணும் பயமில்ல. ஸ்டேட்டு வக்கீல் ஆபீசுல தமிழ் தெரிஞ்ச ஆளாத் தேடிப் புடிச்சு அனுப்பியிருக்காங்கன்னா பாத்துக்குங்க, நம்ம வாயில இருந்து வர்ற வார்த்தைக்கு அவ்வளவு கிராக்கி. கேள்வி ஒண்ணே ஒண்ணுதானுங்களே? "நாச்சிமுத்துவாகிய உங்களுடைய மனைவி மயிலாத்தாள் எந்த வீட்டில் குடியிருக்கிறார்?" அவ்வளவுதான். இந்த ஊட்டுலன்னு சொன்னா அவ எம்.எல்.ஏ. பதவி போயிரும். எதுத்த ஊட்டுலன்னு சொன்னா பதவி நிக்கும், என்ற மானம் போயிரும். இந்த நாட்டுல எம்.எல்.ஏ.ன்னு ஆரும் சொல்றதில்ல, ஸ்டேட்டு சபை மெம்பருன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அது வாயில நிக்க மாட்டேங்குது.

சொல்றேன், சொல்றேன். ஒரு வார்த்தைதான். ஆனா அந்த ஒரு வார்த்தைய நான் சொல்லோணும்னா நீங்க முழுசாக் கேக்கோணும். அவசரமா போகோணுமுங்களா? இல்லீல்ல? அப்பச் செரி.

இந்த அக்கப்போரெல்லாம் ஒரு கோட்டுல ஆரம்பிச்சதுங்க. பத்து வருசத்துக்கு ஒருக்கா சனக்கணக்கு எடுத்து, தொகுதிக் கோட்ட மாத்திப் போடறாங்க. போடறது ஆரு? ஸ்டேட்டு சபை. அதாவது ஓட்டு வாங்க வேண்டியவனே எனக்கு ஆரு ஓட்டுப் போடோணும்னு பாத்துப் பாத்துக் கோடு போட்டுக்கறான். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் மிசினுக்குச் சொல்றேன். எங்க ஏரியாவுல நாமளும் கறுப்புச் சனங்களும் மெக்சிகோக்காரங்களும் சேந்தாப்புல இருக்கமுங்க. அத நாலாப் பிரிச்சு நாலு தொகுதியில போட்டுட்டாங்க. கோயிலு ஒரு தொகுதி, பள்ளிக்கூடம் ஒரு தொகுதி, கருவேப்பில வாங்கற கடை இன்னொரு தொகுதி. எங்க ஓட்டு எங்கயும் செல்லாத ஓட்டாப் போச்சு.

உட்டுருவமா? பெடரல் கோர்ட்டுல, அதான் மத்திய சர்க்காரு கோர்ட்டுல, கேஸ் போட்டோம். பதினொரு பேரு. நான் ஏழாவது. அந்தா செவுத்துல பிரேம் போட்டு மாட்டியிருக்கேன் பாருங்க, தீர்ப்போட மொதப் பக்கம். நாச்சிமுத்துங்கற பேர ஒரு எழுத்து தப்பில்லாம அடிச்சிருக்கான் பாருங்க. முப்பத்தோரு வருசத்துல எங்க கம்பெனிக்காரன் ஒருக்காக்கூட அப்படி அடிச்சதில்ல. பம்பு கம்பெனிங்க, இஞ்சினியரா இருந்தேன்.

மூணு ஜட்ஜு உக்காந்தாங்க. நடுவுல ஒரு அம்மா, கண்ணாடிய மூக்கு நுனியில போட்டுக்கிட்டு. "இந்தக் கோடு செல்லாது, வேற போடுங்க"ன்னுட்டாங்க. கவர்னரு டிவியில வந்தாரு. இங்க கவர்னருதானுங்களே முதலமைச்சரு மாதிரி. "ஒரு ஓட்டுக்கூட வாங்காத ஜட்ஜு, எங்க ஸ்டேட்டு மண்ணுல கோடு போடச் சொல்றதா?"ன்னு மேசையத் தட்டுனாரு. நான் இந்த சோபாவுல உக்காந்துக்கிட்டு அவரப் பாத்துச் சிரிச்சனுங்க. "அய்யா, ஓட்டு வாங்காததுனாலதான அவங்களால நியாயம் சொல்ல முடியுது"ன்னு டிவியப் பாத்துச் சொன்னேன். மயிலாத்தா பரிச்சை பேப்பரு திருத்திக்கிட்டு இருந்தா. அவ பதினெட்டு வருசம் இங்க பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சருங்க. 

சபை என்ன பண்ணுச்சு? "செரிங்க எசமான்"னு சொல்லிட்டு அதே கோட்ட அரை மைலு தள்ளிப் போட்டுச்சு. கோர்ட்டு மறுபடியும் செல்லாதுன்னுச்சு. மறுபடியும் தள்ளிப் போட்டாங்க. மறுபடியும் செல்லாது. ரெண்டு பக்கமும் ரோசம். மாமியாளும் மருமகளும் ஒரே அடுப்புல நிக்கற மாதிரி, இவ உப்புப் போட்டா அவ தண்ணி ஊத்தறா. கடைசியில அந்த ஜட்ஜம்மா, "உங்களுக்குப் போடத் தெரியல, நாங்களே போட்டுக்கறோம்"னு காலேஜு வாத்தியாரு ஒருத்தரக் கூப்புட்டுத் தொகுதிப் படத்த வரையக் குடுத்துட்டாங்க.

இதுக்கு நடுவுல நான் ஒரு முடிவு பண்ணியிருந்தனுங்க. எங்க தொகுதி ஒண்ணாச் சேந்து வந்தா, நாப்பத்தொண்ணாம் நெம்பரு தொகுதியில நாந்தான் நிக்கறது. கோயில் கமிட்டியில சொல்லிட்டேன். கட்சியில டெப்ராங்கற அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். ரிடயர்டு நர்ஸுங்க, இந்த ஏரியாவுல அவங்க சொன்னா கேப்பாங்க. கோட்டு சூட்டு ரெண்டு செட்டு தெச்சாச்சு. கண்ணாடி முன்னால நின்னு கையாட்டிக்கூட பாத்தாச்சு, பொய் சொல்லுவானேன்.

ஜூலை பதினாலாந்தேதி, செவ்வாக்கெழமை, சாயங்காலம் கோர்ட்டு படம் வந்துச்சு. கம்ப்யூட்டருல பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாக்கறேன். அருமையான படமுங்க. கோயிலு, பள்ளிக்கூடம், கடை எல்லாம் நாப்பத்தொண்ணுல. எங்க சனம் பூராவும் நாப்பத்தொண்ணுல. இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுனேன். கோடு எங்க தெருவுக்கு வந்துச்சு. வந்து, தெருவுக்கு நட்டநடுவால போச்சு. எதுத்த வரிசை நாப்பத்தொண்ணு. எங்க வரிசை, இந்தப் பன்னெண்டு ஊடு மட்டும், நாப்பத்திமூணு. நாப்பத்திமூணுன்னா பின்னால இருக்கற மாட்டுப் பண்ணை, சோளக்காடு. அங்க என்னையத் தெரிஞ்சது மாட்டுக்கு மட்டுந்தான்.

கேஸ் போட்டது ஆரு? நானு. ஜெயிச்சது ஆரு? நானு. கோட்டுக்கு வெளிய நின்னது ஆரு? நானுங்க. அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது, கவர்னரு சொன்னதுலயும் ஒரு நாயம் இருக்குதுன்னு. ஒரு ஓட்டு வாங்கியிருந்தா, நாலு தெரு நடந்திருந்தா, இப்படித் தெருவுக்கு நடுவால கோடு போடத் தோணுமுங்களா? ஆயுசுக்கும் பதவின்னு குடுத்து வெச்சா இப்படித்தான் ஆகும்.

என்ன சிரிக்கறீங்க? நான் கட்சி மாறல தம்பி. சூழ்நிலை மாறிப்போச்சு.

செரி, அதுல ஒரு வழி இருந்துச்சு. படம் புதுசுங்கறதுனால ஆகஸ்டு மூணாந்தேதி அஞ்சு மணிக்குள்ள தொகுதிக்குள்ள குடி வந்துட்டாப் போதும்னு கோர்ட்டே சொல்லியிருந்துச்சு. மூணு வாரம் டைமு. எதுத்த ஊடு ஆரோடதுன்னு நெனைக்கறீங்க? என்ற மாப்பிள்ளை கோகுலோடது. என்ற புள்ளை மிருதுளா அங்கதான் இருக்கறா. மாடியில ரெண்டு ரூமு சும்மா கெடக்குது. இங்கிருந்து நாப்பத்தஞ்சு எட்டு, எண்ணிப் பாத்திருக்கேன்.

ஆனா அங்க சம்பந்தி இருக்கறாரே! சென்னியப்பன். மாப்பிள்ளையோட அப்பா. பொண்ணு குடுத்த ஊட்டுல பொட்டிய வெச்சுக்கிட்டு உக்காந்து சோறு திங்கறதுன்னா நம்ம பக்கம் எப்பேர்ப்பட்ட கேவலம்னு உங்களுக்குத் தெரியும். காப்பி குடிக்கலாம், பேத்தியக் கொஞ்சலாம், எந்திரிச்சு வந்தரோணும். அதுலயும் அந்த ஆளு, கண்ணாலத்தன்னைக்குப் பந்தல்ல ரெண்டு சொட்டு மழைத்தண்ணி ஒழுகுனதுக்கு, "பம்பு இஞ்சினியரு பந்தல்லயா தண்ணி?"ன்னு நானூறு பேரு முன்னால கேட்டவரு. ஒம்பது வருசமாச்சு. இப்பவும் மானத்துல மேகம் கூடுனா என்னையப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிப்பாரு.

மானத்தை உடுங்க, நாளுக்கு வருவோம். தீர்ப்பு வந்தது செவ்வா. வெள்ளிக்கெழமை ஆடி பொறக்குது. ஆடியில ஆராச்சும் ஊடு மாறுவாங்களா? நடுவுல இருக்கறது புதனும் வியாழனும். புதனன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமம், தனுசு ராசிங்க நானு. வியாழக்கெழமை தெக்கே சூலம். எதுத்த ஊடு எந்தப் பக்கம்? நேர் தெக்கு. போகாத நாளு, போகாத திசை. அப்புறம் ஆடி ஒரு மாசம். ஆவணி ஒண்ணு எப்ப? ஆகஸ்டு பதினேழு. கோர்ட்டு கேக்கறது மூணு. அந்த ஜட்ஜம்மாவுக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியல, நான் என்ன பண்றது?

மயிலாத்தா சொன்னா, "எனக்குச் சந்திராஷ்டமம் இல்லீங்களே"ன்னு. பாத்தீங்களா, எனக்கு உடனே யோசனை வந்துருச்சு. "நீ புதங்கெழமை போயி அங்க பாலக் காய்ச்சி எடத்தப் புடிச்சு வெய்யி. ஆவணி பொறந்ததும் நான் வந்தர்றேன். குடும்பத்துக்கு ஒரு பாலு போதும்"னு சொன்னேன். பொண்டாட்டி குடி போனா புருசனும் குடி போன மாதிரிதானுங்களே? நம்மூருல ரேசன் கார்டே ஒண்ணுதான்.

அவ புதங்கெழமை காலைல ஒரு பொட்டி, ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு தலகாணி எடுத்துக்கிட்டுத் தெருவத் தாண்டிப் போனா. மகளைப் பாக்கப் போறவளுக்கு மானம் என்ன, மரியாதை என்னன்னு போயிட்டா. அந்த வாரமே லைசென்ஸுல விலாசத்த மாத்திட்டு வந்து காட்டுனா. நான் சிரிச்சனுங்க. "ஒரு மாசத்துக்கு இதெல்லாமா மாத்துவாங்க?"ன்னேன். "கோர்ட்டு உத்தரவுல போட்டிருக்குதுங்க, ஏழாம் பக்கம்"னா. அவ முழுசும் படிச்சிருக்கா. எனக்கு மொதப் பக்கத்துல பேரு இருந்துச்சு, அது போதும்னு இருந்துட்டேன்.

அப்புறம் நான் தேதியப் பத்திக் கவலைப்படாததுக்கு இன்னொரு காரணமும் இருக்குது. எங்க ஊரு காங்கேயம் பக்கம். எங்க அய்யன் கெணத்துப் பாத்தியதைக்கு ஒரு கேஸ் போட்டாரு. இருபத்திரெண்டு வருசம் நடந்துச்சுங்க. கேஸு முடியறப்ப கெணத்துல தண்ணியும் இல்ல, அய்யனும் இல்ல. கோர்ட்டுன்னா அது. ஒரு கோர்ட்டு தேதி சொன்னா அந்தத் தேதியில அது நடக்கும்னு நெனைக்கற அளவுக்கு நான் வெவரங்கெட்டவனா?

நான் நெனச்சாப்பலயே ஆச்சு. ஸ்டேட்டுக்காரங்க மேல் கோர்ட்டுக்கு ஓடி ஸ்டே வாங்கிட்டாங்க. எங்களுக்கு எதிரா வாங்குன ஸ்டே. நான் லட்டு வாங்கிட்டு வந்து தெருவுக்கே குடுத்தனுங்க. டெப்ரா லட்டக் கையில வெச்சுக்கிட்டு, "நாச்சி, நாம தோத்திருக்கோம், நீ எதுக்கு ஸ்வீட்டு குடுக்கற?"ன்னு கேட்டாங்க. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? நம்மூருல ஸ்டேன்னா பேரன் காலத்துக்கும் நிக்கும். ஆவணி என்ன, கார்த்திகையே வந்துரும்.

ஒம்பது நாளு நின்னுச்சு. வாசிங்டன்ல இருக்கற எல்லாத்துக்கும் பெரிய கோர்ட்டு, ஜூலை கடைசி வெள்ளிக்கெழமை, ஸ்டே செல்லாது, அந்தப் படந்தான் படம், அந்தத் தேதிதான் தேதின்னுருச்சு. இங்க கோர்ட்டு சொன்னா நடக்குதுங்க தம்பி. நாட்டுல இது ஒரு பெரிய கொறை.

ஆகஸ்டு மூணு. திங்கக்கெழமை. ஆடி பதினெட்டு. மயிலாத்தா போன் போட்டா. "ஏனுங்க, ஆடிப்பெருக்கு நல்ல நாளுதானுங்களே, பொட்டிய எடுத்துக்கிட்டு வந்துருங்களே"ன்னா. எனக்கும் ஒரு நிமிசம் மனசு ஆடுச்சு. எதுக்கும் கேட்டுக்கலாம்னு காங்கேயத்துச் சோசியருக்குப் போன் போட்டேன். அவரு, "வெதை போடலாம், தாலிக்கயிறு மாத்தலாம், நகை வாங்கலாம், குடி போறது மட்டும் கூடாது"ன்னுட்டாரு. சன்னல்ல பாக்கறேன், எதுத்த ஊட்டு வாசல்ல சென்னியப்பன் நின்னுக்கிட்டு மேகத்தப் பாத்துக்கிட்டு இருக்காரு. நான் பொட்டியத் தொடல.

பதினொரு மணிக்கு டெப்ரா வந்து நிக்கறாங்க. "நாச்சி, குடி போயிட்டியா?" நான் ஆடி மாசத்தப் பத்தி விளக்கமாச் சொன்னனுங்க, கால் மணி நேரம். அவங்க பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப உங்க சாமி எப்ப உடும்?"னாங்க. "பதினேழாந்தேதி." "எலக்சன் ஆபீசு இன்னைக்கு அஞ்சு மணிக்கு மூடிருவாங்களே." எதுத்தாப்புல இவ செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கறா. டெப்ரா அந்தப் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டாங்க. "மைலா! நீ எப்ப அங்க குடி போன?"

"ஜூலை பதினஞ்சு."

"லைசென்ஸு?"

"மாத்தியாச்சு."

டெப்ரா என்னையப் பாத்தாங்க. நானும் அவங்களப் பாத்தேன். அப்ப எனக்குத் தோணுனத நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. ஊருல எங்க அண்ணன் சம்சாரம் பஞ்சாயத்துத் தலைவி. பொம்பளைகளுக்கு ஒதுக்குன சீட்டு. அண்ணிக்குத் தலைவர் சேரு எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாது. எங்க அண்ணந்தான் சேருல உக்காருவாரு, பேசுவாரு, கலெக்டரப் பாப்பாரு. அண்ணி ஊட்டுல கையெழுத்து மட்டும் போடுவாங்க. பத்து வருசம் நல்லா நடந்துச்சு. அந்த நெனப்புல, "மயிலாத்தா, நீ நில்லு. பேரு உன்னுது, வேலை என்னுது"ன்னேன்.

அவ "ம்"னா. முப்பத்தெட்டு வருசமா அந்த "ம்"முக்கு நான் ஆமான்னுதான் அர்த்தம் வெச்சிருந்தேன். எலக்சன் ஆபீசுக்குக் காரு ஓட்டுனதே நாந்தானுங்க. மூணே முக்காலுக்கே போயிச் சேத்திட்டேன்.

ஓட்டுக் கேக்கப் போனோம். கதவத் தட்டுனா தொறக்கற பசங்க பூரா, "மிசஸ் நாச்சிமுத்து! எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக் குடுத்தீங்களே!"ன்னு கட்டிப் புடிக்கறாங்க. அவிய அப்பன் ஆத்தாளெல்லாம் வந்துர்றாங்க. நான் பின்னால நின்னு ஒரு கும்புடு போடுவேன். என்ற கும்புடுக்கு விழுந்த ஓட்டு எப்படியும் ஆயிரம் இருக்கும். ஜெயிச்சது அறநூத்திப் பன்னெண்டு ஓட்டுல. அப்பக் கணக்குப் போட்டுக்குங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன். அவளுக்கு ஓட்டுப் போட எனக்கு உரிமையில்லாமப் போச்சுங்க. நான் நாப்பத்திமூணுல இருக்கேன். மாட்டுப் பண்ணைக்காரன் ஒருத்தன் பேருல முத்திரைய அழுத்திட்டு வந்தேன். ஊட்டுக்கு வந்து ரொம்ப நேரம் செருப்பக் கழட்டாமயே உக்காந்திருந்தேன், வெசனமா இருந்துச்சு.

சனவரியில சபை கூடுச்சு. நானும் சூட்டப் போட்டுக்கிட்டு, பைலத் தூக்கிக்கிட்டுப் போயி அவ பக்கத்துச் சேருல உக்காந்தேன். கதவு மாதிரி ஒரு ஆளு வந்தான். "சார், உங்க எடம் மேல"ன்னு சொல்லி, என்ற முழங்கையப் புடிச்சு, ரொம்ப மரியாதையாக் கொண்டுபோயி மேல மாடியில வேடிக்கை பாக்கறவங்களோட உக்கார வெச்சுட்டான். செரி, அங்கிருந்தே பாத்துக்கலாம்னு இருந்தேன். ஸ்கூல் பஸ்ஸுல எல்லாச் சீட்டுக்கும் பெல்ட்டு வெக்கோணும்னு ஒரு மசோதா. வேண்டாம்னு போடுன்னு மேலிருந்து தலையாட்டுறேன், கையாட்டுறேன், இருமறேன். அவ ஒருக்கா நிமிந்து பாத்தா. கண்ணாடியச் செரி பண்ணிக்கிட்டா. வேணும்னு போட்டுட்டா.

கார்ல வரும்போது கேட்டேன், ஏன் அப்படிப் போட்டன்னு. "அந்த மசோதாவ நீங்க படிச்சீங்களா?"ன்னா. இல்லன்னேன். "நான் படிச்சேனுங்க"ன்னா. 

கோபம் இருக்காதுங்களா? சபைக்குப் போறா, கூட்டத்துக்குப் போறா, தெருத்தெருவாப் போறா. பொழுது சாஞ்சா எதுத்த ஊட்டுக்குத்தான் போறா. ஆவணி வந்துச்சு, நான் போகல. எலக்சன் முடியட்டும்னு இருந்தேன். கார்த்திகையும் போயி மார்கழி வந்துச்சு. மார்கழியில குடி போகக் கூடாது. அப்புறம் தை, நல்ல மாசந்தான், போயிருக்கலாம். ஆனா எம்.எல்.ஏ.வா நிக்கறேன்னு ஊரெல்லாம் சொன்னவன், எம்.எல்.ஏ. ஊட்டுக்கு, அதுவும் சென்னியப்பன் ஊட்டு மாடிக்குப் பொட்டியத் தூக்கிட்டு எப்படிப் போறது? அவளா ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லியிருந்தா, அது வேற.

தைப்பொங்கலுக்குக் கோயில் மண்டபத்துல சாப்பாடு. பந்தியில ஒருத்தன் சத்தமாக் கேட்டான், "என்னுங்க நாச்சிமுத்து, சம்சாரம் எதுத்த ஊட்டுலயாமா?"ன்னு. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. எலைக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன். நான் என்ன சொல்லுவேன்? "அதெல்லாம் பேருக்குத்தானுங்க. சோறு, தூக்கம் எல்லாம் நம்ம ஊட்டுலதான். பைலு எல்லாம் நாந்தான் பாக்கறேன். அவ கையெழுத்து மட்டும்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். ஒரு பய போன்ல புடிச்சு பேஸ்புக்குல போட்டுட்டான். அத ஆரோ இங்கிலீசுல எழுதி சபைக்கு அனுப்பிட்டாங்க.

அவ்வளவுதான். சபைக் கமிட்டி, "இந்தம்மா தொகுதியில குடியிருக்கல, புருசனே சொல்லிட்டான், பதவியில இருந்து நீக்கறோம்"னு கெளம்பீருச்சு. அதே ஜட்ஜம்மா, "நில்லுங்க, நான் விசாரிக்காம நீக்கக் கூடாது"ன்னு தடை போட்டாங்க. கவர்னரு டிவியில மேசையத் தட்டுனாரு, "எங்க சபையில ஆரு உக்காரோணும்னு பெடரல் ஜட்ஜு சொல்றதா?"ன்னு. ஜட்ஜம்மா டிவியில எல்லாம் வர மாட்டாங்க. ஒத்தைப் பக்க உத்தரவுதான் வந்துச்சு, அதுவே மேசையத் தட்டுன மாதிரி இருந்துச்சு. ஒரு ஸ்டேட்டும் ஒரு நாடும் சண்டை போட்டுக்குது தம்பி, என்ற பொண்டாட்டி எங்க படுத்துத் தூங்கறாங்கறதுக்கு. திங்கக்கெழமை விசாரணை. அதுக்குத்தான் நீங்க வந்திருக்கீங்க.

அந்த வீடியோ வந்த மக்யா நாளு, விடிஞ்சதும், அவ தெருவத் தாண்டி வந்தா. உள்ள வரல. வாசப் புல்லுல நின்னா. திட்டுவான்னு நெனச்சேன், அழுதாலும் அழுவான்னு நெனச்சேன். "ஏனுங்க, அன்னைக்கு நான் உங்க எடத்தப் புடிச்சு வெக்கத்தான் போனேன். நீங்க வரல. அது என்ற எடமாயிருச்சு. கேட்டா உள்ளதச் சொல்லுங்க, அது போதும்"னா. திரும்பிப் போயிட்டா. கூப்புட்டிருக்கலாம் நானு. 

காப்பி ஆறிப்போச்சு பாருங்க. இருங்க, சூடு பண்ணித் தர்றேன். வேண்டாமுங்களா?

செரி. அந்த மிசின இப்பிடிக் கிட்டத்துல வெய்யுங்க. பதிலு சொல்றேன், எழுதிக்குங்க.

எதுத்த ஊடு.

எழுதுனீங்களா? எதுத்த ஊடு, மாடி, வடக்குப் பாத்த ரூமு. போன ஜூலை பதினஞ்சுல இருந்து ஒரு நாளுகூட இந்த ஊட்டுல அவ தங்கல. ஒரு வேளை சோறு திங்கல. கோயில்ல நான் சொன்னது பொய்யுங்க. ரோசத்துல சொன்ன பொய்யி. காலைல அஞ்சே முக்காலுக்கு அந்த ரூமுல லைட்டு எரியும். ஆறு மணிக்குக் கீழ வந்து அடுப்புல காப்பி வெப்பா, டிகாசன எறக்கறப்பச் சன்னல்ல ஆவி படியும், கையால தொடைப்பா. ஆறே காலுக்கு வாசல்ல கோலம் போடுவா. இப்பக் குனிய முடியாம உக்காந்துதான் போடறா, முட்டிவலி. ஆறரைக்குச் சென்னியப்பன் பேப்பரு எடுக்க வருவாரு, ரெண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிப்பாங்க. ஏழு மணிக்குப் பேத்திக்குச் சடை போட்டு உடுவா. செவ்வாக்கெழமை மட்டும் துணி தொவைப்பா. போன மாசம் மூணு நாளு லைட்டு லேட்டா எரிஞ்சுது, சளிக் காய்ச்சலு, புள்ளைகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

எப்படி இவ்வளவு கரெக்டாத் தெரியும்னா கேக்கறீங்க? இந்தச் சேர அதுக்குத்தானுங்களே சன்னலுக்குப் பக்கத்துல போட்டிருக்கேன். எனக்கு வேற என்னத்தப் பாக்க இருக்குது?

கையெழுத்து எங்க போடோணும்? இங்கயா? இருங்க, மிசின நிறுத்தாதீங்க. இத ஆரெல்லாம் படிப்பாங்க? ஜட்ஜம்மா. உங்க வக்கீலுங்க. அவ வக்கீலுக்கும் ஒரு காப்பி போகுமுங்களா? அப்ப அவளும் படிப்பா. எதக் குடுத்தாலும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கற பழக்கம் அவளுக்கு.

அப்ப ஒரு வரி சேத்து எழுதுங்க தம்பி. கேள்வியில இல்லாட்டி என்ன, நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. கூப்புட்டா வந்துருவேன்னு எழுதுங்க. நாள் நட்சத்திரம் பாக்காம வந்துருவேன். இங்கிலீசுல செரியா எழுதுங்க, தப்பாயிரக் கூடாது.